கட்டைவிரல் மறக்கவில்லை, அதுதான் பிரச்சினை

முதலிலேயே கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 11 இரவுகள், தேவையே இல்லாமல் வாங்கிய ஒரு கன்ட்ரோலர், ஒரே விளையாட்டின் இரண்டு பிரதிகள், அழிந்துபோன ஒரு சேவ், அதாவது விளையாட்டில் எட்டிய இடத்தைப் பதிந்து வைத்தது. இத்தனையும் போனது திரையில் தெரியும் ஒரு ஓட்டை மரப்பாலத்தைக் கடப்பதற்காக. கிராஷ் பாண்டிகூட் என்ற தாவிக் குதிக்கும் வீடியோ கேமை விளையாடியவர்களுக்கு எந்தப் பாலம் என்று இந்நேரம் புரிந்திருக்கும். புரியாதவர்களும் படிக்கலாம். சின்ன வயதில் கரைத்துக் குடித்த ஏதோ ஒரு தாவிக் குதிக்கும் விளையாட்டு புதுக் கன்சோலுக்கு மறுபடியும் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். எனக்கு யாராவது இதை முன்னாடியே சொல்லியிருந்தால் பாதி இரவுகளாவது தூங்கியிருப்பேன்.

முதல் கிராஷ் வந்தது 1996-ல், முதல் பிளேஸ்டேஷனுக்கு. பெரியப்பா வீட்டில் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. அதில் சேவ் செய்வதே ஒரு தனிப் போராட்டம். நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. லெவலுக்குள் மூன்று டோக்கன்களைத் தேடிச் சேர்த்தால்தான் போனஸ் ரவுண்டு திறக்கும், அதையும் விழாமல் முடித்தால்தான் சேவ் செய்ய விடும். அதனால் சாப்பிடப் போகும்போதுகூட கன்சோலை அணைக்காமல் டிவியை மட்டும் அணைத்துவிட்டுப் போவோம். இப்படி ஒவ்வொரு லெவலையும் பத்துப் பதினைந்து முறை முதலிலிருந்து விளையாடியே பழகிய கை இது. எந்தப் பள்ளத்துக்கு எந்த நொடியில் குதிக்க வேண்டும் என்பது மூளைக்கே போகாமல் கட்டைவிரலிலேயே தங்கிவிட்டது. பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன், கடைசியில் காலை வாரியதும் அதுதான்.

முதல் மூன்று விளையாட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து, எல்லாவற்றையும் புதிதாக வரைந்து, என். சேன் டிரிலஜி என்ற பெயரில் 2017 ஜூன் மாதம் பிளேஸ்டேஷன் 4-க்கு வெளியிட்டார்கள். அடுத்த வருடம் நின்டெண்டோ ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் ஒன், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் வந்தது. நான் வாங்கியது அதற்கெல்லாம் ரொம்பக் காலம் கழித்து, ஒரு தள்ளுபடி நாளில். முதல் இரவு ஒரே கொண்டாட்டம். கடற்கரையில் கிராஷ் மூஞ்சியில் மணலோடு எழுந்து நிற்பதைப் பார்த்ததும் நிஜமாகவே கண் கலங்கியது, ஒத்துக்கொள்கிறேன். முதல் தீவின் லெவல்களில் அங்கங்கே இரண்டு மூன்று முறை செத்தேன். கை துருப்பிடித்திருக்கிறது, நாலு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். இங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். எளிதான லெவலிலேயே வழக்கத்துக்கு மாறாகச் சாகிறோம் என்றால் கையைத் திட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் நின்று காரணம் பார்த்திருக்கலாம்.

இரண்டாவது தீவில் ரோட் டு நோவேர் வந்தது. பனிமூட்டத்தில் தொங்கும் ஒரு பாலம், பலகைகள் அங்கங்கே காணாமல் போயிருக்கும், இருக்கும் பலகையில் பாதி கால் வைத்ததும் உடையும், நடுவில் ஆமைகள் மேல் குதித்து எகிற வேண்டும். சின்ன வயதில் இதைத் தம்பிக்காகக்கூடக் கடந்து கொடுத்திருக்கிறேன். இப்போது மூன்று இரவுகள், இரவுக்கு இரண்டு மணி நேரம், பாதிப் பாலத்தைக்கூடத் தாண்டவில்லை. கிராஷ் பலகையின் ஓரத்தைத் தொடுகிறான், என் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, தொட்ட பிறகும் வழுக்கிக் கீழே போகிறான். இன்னொரு தடவை குதி பட்டனை அழுத்துகிறேன், அவன் குதிக்காமல் அப்படியே நடந்து போய் விழுகிறான். அழுத்தினேன் என்று சத்தியம் செய்வேன். மூன்றாவது இரவு கன்ட்ரோலரைச் சோபாவில் போட்டுவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். விளையாட்டில் தோற்றது வருத்தமில்லை. எனக்கு வயதாகிவிட்டது, அனிச்சைச் செயல் போய்விட்டது, இனிமேல் இதெல்லாம் நம்மால் ஆகாது என்ற எண்ணம் வந்ததுதான் வருத்தம். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் அந்த இரவில் அது சிரிப்பாக இல்லை.

மறுநாள் செய்த முதல் முட்டாள்தனம், புதுக் கன்ட்ரோலர் வாங்கியது. பழையதில் பட்டன் சரியாகப் பதியவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். புதியது வந்தது, அதே பலகை, அதே பள்ளம், அதே மரணம். கன்ட்ரோலர்மேல் சந்தேகம் வந்தால் வாங்குவதற்கு முன் இரண்டே இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ஆளை நகர்த்தும் குச்சியிலிருந்து (ஸ்டிக்) கையை எடுத்த பிறகும் ஆள் தானாக நகர்கிறானா என்று பாருங்கள், நகர்ந்தால் குச்சியில் கோளாறு. இல்லையென்றால் அதே கன்ட்ரோலரில் உங்களுக்கு நன்றாகப் பழகிய வேறொரு விளையாட்டை அரை மணி நேரம் ஆடுங்கள். அதில் பட்டன் தவறவில்லை என்றால் கன்ட்ரோலர்மேல் பழி போடாதீர்கள். நான் இரண்டையுமே செய்யவில்லை. பழைய கன்ட்ரோலர் இன்றுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

இரண்டாவது முட்டாள்தனம் தற்செயலாக நல்லதில் முடிந்தது. டிவி முன்னால் உட்கார்ந்து கோபப்படுவதைவிட, படுக்கையில் சாய்ந்துகொண்டு நிதானமாக ஆடலாம் என்று அதே விளையாட்டை ஸ்விட்சுக்கும் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, ஒரு கன்சோலில் ஆடிய சேவ் இன்னொரு கன்சோலுக்கு வராது. எல்லாம் முதலிலிருந்து. வாங்குவதற்கு முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சில விளையாட்டுகளில் சேவ் கன்சோல் விட்டுக் கன்சோல் வரும், பலவற்றில் வராது, இதில் வராது. சரி, காசு போனது போனதுதான் என்று கடற்கரையிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். முதல் தீவில் சாவு பாதியாகக் குறைந்தது. ரோட் டு நோவேரில் முதல் இரவிலேயே முக்கால் பாலம் போனேன். அட, கை தேறிவிட்டது என்று குஷியாகி, ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் டாக்கில் மாட்டிப் பெரிய திரையில் ஆட உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் ஆறு லைஃப் காலி. கழற்றிக் கையில் வைத்து ஆடினேன், மறுபடியும் சரியாக வந்தது. அதே ஆள், அதே விளையாட்டு, அதே இரவு. மாறியது டிவி மட்டும்.

அப்போதுதான் உறைத்தது. பெரியப்பா வீட்டில் இருந்தது பழைய குழாய் டிவி. வருகிற சிக்னலை அது அப்படியே திரையில் வரைந்துவிடும், தாமதம் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. இப்போதைய தட்டை டிவி, படத்தை வாங்கி, நிறத்தை மெருகேற்றி, அசைவை வழவழப்பாக்கி, அதற்கப்புறம்தான் காட்டும். இந்த அலங்கார வேலைக்கு மட்டும் சில டிவிகளில் 100 மில்லிசெகண்டுக்கு மேல்கூட ஆகும். சினிமா பார்க்க இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கன்சோலில் இந்த விளையாட்டு நொடிக்கு 30 படங்கள் ஓடுகிறது, ஒரு படத்துக்கு 33 மில்லிசெகண்டு. 100 மில்லிசெகண்டு தாமதம் என்றால் நீங்கள் பார்க்கும் கிராஷ் மூன்று படம் முந்தைய கிராஷ். கண்ணுக்குப் பலகை ஓரத்தில் நிற்கிறான், விளையாட்டின் கணக்கில் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கிறான். பட்டன் அழுத்தியும் குதிக்கவில்லை என்று நான் சத்தியம் செய்தேனே, அதற்கு விளக்கம் இதுதான். டிவியின் பட அமைப்புக்குள் போனால் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டதும் இந்த அலங்காரமெல்லாம் நின்றுவிடும். ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியாகப் போட வேண்டியிருக்கலாம், நான் ஒன்றில் போட்டுவிட்டு இன்னொன்றில் கன்சோலை மாட்டி ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். புது டிவியும் புதுக் கன்சோலும் என்றால் தானாகவே மாறிக்கொள்ளும் வசதி இருக்கலாம், ஆனாலும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள். அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு ஏதாவது தனியாக மிச்சமிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

உங்கள் டிவி எவ்வளவு தாமதம் செய்கிறது என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். போன் கேமராவில் ஸ்லோமோஷன் வைத்து, கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு குதியைப் படம் பிடியுங்கள். நொடிக்கு 240 படம் எடுக்கும் போன் என்றால் ஒரு படம் சுமார் 4 மில்லிசெகண்டு. பட்டன் அமுங்கிய படத்திலிருந்து ஆள் தரையை விட்டுக் கிளம்பும் படம்வரை எண்ணிக்கொள்ளுங்கள். இதில் விளையாட்டே எடுத்துக்கொள்ளும் நேரமும் சேர்ந்திருக்கும், அதனால் மொத்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கேம் மோடுக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டால் போதும், வித்தியாசம் தெரிந்துவிடும். அப்புறம், புளூடூத் இயர்போன் போட்டு ஆடுபவர்கள் அதைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் பிந்தி வரும், நமக்கே தெரியாமல் நாம் சத்தத்தைக் கேட்டுத்தான் தாளம் பிடிக்கிறோம்.

கேம் மோட் போட்டதும் ரோட் டு நோவேரைத் தாண்டிவிட்டேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். மூன்றாவது தீவில் தி ஹை ரோட் காத்திருந்தது. அதே பாலம்தான், இடைவெளிகள் மட்டும் அநியாயம். இப்போது டிவிமேல் பழி போட முடியாது, கையில் வைத்து ஆடினாலும் அதே கதை. பலகையைத் தொட்டு வழுக்கி விழும் அந்தப் பழைய வியாதி மட்டும் போகவே இல்லை. இன்னும் மூன்று இரவுகள் போயின.

ஒரு சனிக்கிழமை அக்கா மகன் வந்தான், 12 வயது, கிராஷ் யாரென்றே தெரியாது. நான் விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, குடுங்க" என்று வாங்கினான். முதல் நாலு தடவை விழுந்தான். அதற்கப்புறம் நான் மூன்று இரவுகளாகத் தாண்டாத இடைவெளியைச் சாதாரணமாகத் தாண்டினான். எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. "நீங்க ஓரத்துக்குப் போயி குதிக்கிறீங்க மாமா. கொஞ்சம் முன்னாடியே குதிங்க, பட்டனை விட்டுடாதீங்க" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. அந்தச் சந்தோஷத்தில் கன்ட்ரோலரை அவனிடமே விட்டுவிட்டு நான் சமையலறைக்குப் போக, அவன் முதலிலிருந்து ஆட ஆசைப்பட்டு நியூ கேம் போட்டு, என் சேவின் மேலேயே எழுதிவிட்டான். பிள்ளையைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது, நான்தான் சொல்லவில்லை. வீட்டில் வேறு யாருக்காவது கொடுக்கும் முன் கன்சோலில் அவர்களுக்கென்று தனி யூசர் ஒன்று போட்டுக் கொடுங்கள், சேவ் கலக்காது. ஒரு நிமிட வேலை. எனக்கு அது மூன்று தீவுகள்.

அவன் எப்படித் தாண்டினான் என்று அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தபோதுதான் முழு விஷயமும் புரிந்தது. இது பழைய விளையாட்டுக்குப் புது வண்ணம் பூசியது இல்லை, ஆள் நகர்வதையும் குதிப்பதையும் திரும்ப எழுதிய ஒன்று. மூன்று விளையாட்டுக்கும் அடிப்படையாக எடுத்துக்கொண்டது மூன்றாவதான வார்ப்டு விளையாட்டின் கையாளுமையை. எது எதைத் தொடுகிறது என்று கணக்கிடும் முறையும் வேறு. கிராஷின் உடம்பைச் சுற்றி விளையாட்டு கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடு வைத்திருக்கும், அது தரையைத் தொட்டால்தான் அவன் நிற்பான். ரசிகர்கள் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கண்டுபிடித்தது, புதியதில் இந்தக் கூட்டின் அடிப்பக்கம் மாத்திரை மாதிரி உருண்டையாக இருக்கிறது என்பது. உருண்டை ஓரத்தில் நிற்குமா? வழுக்கும். மேலே போனவன் கீழே வரும் வேகமும் பழையதைவிடக் கொஞ்சம் கூடுதல். வெளியான சில வாரங்களிலேயே வெளியிட்டவர்கள் தரப்பிலும் இதை ஒத்துக்கொண்டார்கள், பழைய ஆட்டம் கையில் ஊறியவர்களுக்குத்தான் மறுபடி பழகுவது சிரமம், சில குதிகளுக்குப் பழையதைவிடத் துல்லியம் வேண்டும் என்று. அதைப் படித்தபோது வந்த நிம்மதி இருக்கிறதே, எழுந்து போய் அக்கா மகனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. வயதாகவில்லை. வேறொரு விளையாட்டின் குதியை இந்த விளையாட்டில் குதித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மறுபடி பழகியது எப்படி என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம். முதல் விளையாட்டை அப்படியே விட்டுவிட்டு மூன்றாவதை ஆடினேன். தொகுப்பில் மூன்றும் தொடக்கத்திலேயே திறந்திருக்கும், வரிசையாக ஆட வேண்டும் என்று கட்டாயமில்லை. கையாளுமை மூன்றாவதிலிருந்து வந்தது என்பதால் அங்கே இந்த குதி பொருத்தமாக உட்காரும், லெவல்களும் இரக்கமுள்ளவை. இரண்டு மாலைகளில் கைக்குப் புதுத் தாளம் ஏறிவிட்டது. பிறகு முதல் விளையாட்டுக்குத் திரும்பி, பலகையின் கடைசி நூலிழைவரை ஓடும் பழக்கத்தை வலுக்கட்டாயமாக விட்டேன். ஓரத்துக்கு அரை அடி முன்பே கிளம்புவது, பட்டனை உச்சிவரை அழுத்திப் பிடிப்பது, கிராஷைப் பார்க்காமல் அவன் நிழல் எங்கே விழுகிறது என்று பார்ப்பது. பாலங்களில் குச்சியை விட்டுவிட்டுத் திசைப் பட்டன்களுக்கு மாறினேன். 1996-ல் இந்த விளையாட்டு எழுதப்பட்டதே திசைப் பட்டன்களுக்குத்தான், அன்றைய கன்ட்ரோலரில் குச்சியே கிடையாது. குச்சியில் நேராகத் தள்ளுகிறோம் என்று நினைப்போம், ஒரு இம்மி சாய்ந்திருக்கும், பாலத்தில் அந்த இம்மி போதும். பாலத்தின் பக்கவாட்டுக் கயிற்றின்மேல் ஏறி நடந்தே போய்விடும் குறுக்குவழி ஒன்று உண்டு, பழையதில் போலவே புதியதிலும் வேலை செய்கிறது. அதைப் பயன்படுத்துவது திருட்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் இரண்டு இடத்தில் நடந்தேன், மனசாட்சி உறுத்தவில்லை.

நியாயமாகச் சொன்னால் புதியதில் தளர்த்திய விஷயங்களும் உண்டு. சேவ் செய்ய டோக்கன் தேட வேண்டாம். பழையதில் ஒரு லெவலில் ஒரு தடவைகூடச் சாகாமல் எல்லாப் பெட்டியையும் உடைத்தால்தான் ஜெம் என்ற பரிசுக் கல் கிடைக்கும், இப்போது நிற ஜெம்களுக்கு மட்டும்தான் அந்த விதி. படித்ததில் என்னைக் கொஞ்சம் உட்கார வைத்தது இன்னொன்று. அசல் விளையாட்டை எழுதியவர்களில் ஒருவரான ஆண்டி கேவின் பிற்காலத்தில் சொன்னது, ஒருவன் திரும்பத் திரும்பச் செத்தால் விளையாட்டே சத்தமில்லாமல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்படி செய்திருந்தார்களாம், அடியைத் தாங்கும் முகமூடிப் பாதுகாப்பு கூடுதலாகக் கிடைக்கும், துரத்தும் பாறை மெதுவாகும். பெரியப்பா வீட்டில் நான் காட்டிய வீரத்தில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு அந்தப் பெட்டி போட்ட பிச்சை என்று இப்போது சொல்ல முடியாது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள், இது பழைய விளையாட்டேதானா, புதிதாக எழுதியதா. பழைய நிரலையே எமுலேட்டரில், அதாவது பழைய கன்சோலைப் போல நடிக்கும் மென்பொருளில் ஓட்டுகிறார்கள் என்றால் உங்கள் கை நினைவு செல்லுபடியாகும், 2020-ல் வந்த சூப்பர் மாரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ் மாதிரி. அதிலும் ஒரு சிக்கல், அதை 2021 மார்ச் 31 வரைதான் விற்றார்கள், யோசித்துக்கொண்டே இருந்தவர்கள் தவறவிட்டார்கள். எமுலேட்டர் என்றாலும் எந்த நாட்டுப் பதிப்பு என்று பாருங்கள். 2018-ல் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் 20 விளையாட்டுகளில் 9 ஐரோப்பியப் பதிப்புகள், 50 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 50 முறை திரை புதுப்பிக்கப்படும் வேகத்தில்) ஓடுபவை, 60-க்குப் பழகிய கைக்கு மந்தமாகத் தோன்றும். புதிதாக எழுதியது என்றால் பழைய நினைவைப் பாதிக்குமேல் நம்ப வேண்டாம். இது இன்று நேற்று வந்ததும் இல்லை, 1993-ல் சூப்பர் மாரியோவை மறுபடி செய்தபோதே செங்கல்லை முட்டி உடைத்த மாரியோ கீழே வராமல் மேலேயே போய்க்கொண்டிருந்தார். டெமோ இருந்தால் ஆடிப் பாருங்கள். இல்லையென்றால் அழகான முன்னோட்டத்தை விட்டுவிட்டு, யாராவது பேச்சில்லாமல் ஒரு கஷ்டமான லெவலை முழுதாக ஆடும் வீடியோவைப் பாருங்கள், எங்கெங்கே விழுகிறார் என்று கவனியுங்கள்.

11-வது இரவு தி ஹை ரோடின் கடைசிப் பலகையில் கால் வைத்தேன். அக்கா மகனுக்கு உடனே போட்டோ அனுப்பினேன், மறுநாள் காலையில் ஒரே ஒரு கட்டைவிரல் பொம்மை பதிலாக வந்தது. இப்போது ஸ்டார்மி அசென்ட் என்ற லெவலில் நிற்கிறேன். 1996-ல் ரொம்பக் கஷ்டம் என்று அவர்களே வெட்டிவிட்டு, 2017-ல் மறுபடி சேர்த்த லெவல். அதைப் பற்றி எழுதும் மனநிலையில் இப்போது இல்லை.